பவளத்துக்கும் கொஞ்சம் அழுக்கு வேண்டும்

எங்கள் ஊர்ப் பக்கம் காயத்துக்குக் கட்டுகிற பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். ராஜபாளையத்திலிருந்து சத்திரப்பட்டி போகிற ரோட்டில் போனால் தறிச் சத்தம் கூடவே வரும். தறியிலிருந்து இறங்குகிற துணி வெள்ளையாக இருக்காது. பழுப்பும் மஞ்சளுமாக ஒரு மங்கல் நிறம்; நடுவில் பருத்திக்கொட்டைத் தூள் கறுப்புப் புள்ளியாக ஒட்டியிருக்கும். காடாத் துணி என்று சொல்வோம். அதைக் காரச்சோடா போட்டு வேகவைத்து, மருந்து போட்டு வெளுத்து, பல தண்ணீரில் அலசி வெள்ளைவெளேரென்று எடுத்துக் கொடுப்பது என் வேலை. பத்தாவது முடித்ததும் இந்த வேலைக்குப் போனேன். இன்றைக்கும் இதில்தான் இருக்கிறேன்.

பிள்ளைகளே, பவளத்தைப் பற்றிச் சொல்ல வந்தவன் துணியைப் பற்றிப் பேசுகிறானே என்று நினைக்காதீர்கள். என் கண் எப்படிப்பட்ட கண் என்று உங்களுக்குத் தெரிந்தால்தான் நான் செய்த காரியம் விளங்கும். வெளுத்த துணியை வெயிலில் விரித்துப் பார்ப்பேன். எங்கேயாவது கோழிமுட்டை ஓட்டு நிறத்தில் ஒரு சாயல் தெரிந்தாலும் அந்தத் துணி திரும்ப உள்ளே போகும். காயத்தில் படுகிற துணி. அதில் எந்த நிறமும் இருக்கக் கூடாது. நிறம் என்றால் அழுக்கு. இத்தனை வருஷமாக என் கண்ணுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது ஒன்றுதான்.

எங்கள் வீட்டுக்குக் கடலைக் கொண்டுவந்தவள் என் பெரிய மகள். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும்போது அவள் ஸ்ரீவில்லிபுத்தூரில் டியூஷனுக்குப் போய்வந்தாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பாய் வண்ணமீன் கடை வைத்திருக்கிறார். பஸ் வருகிற வரைக்கும் அங்கே நின்று பார்த்துக்கொண்டிருப்பாளாம். எல்லாரும் முன்பக்கம் தொங்குகிற பைகளில் தங்கமீனைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். இவள் கடைக்குப் பின்பக்கம் பாய் தனக்கென்று வைத்திருந்த கடல் தொட்டியைப் பார்த்துவிட்டாள். அதற்கப்புறம் பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் வர ஆரம்பித்தாள்.

பரீட்சையில் நல்ல மார்க் எடுத்தாள். என்ன வேண்டும் என்று கேட்டேன். செல்போன் கேட்பாள் என்று நினைத்தேன்.

"கடல் தொட்டி வேணும்ப்பா."

"கடலா? நம்மூர்லயா?"

"தண்ணி நம்மூர்த் தண்ணிதான். சுத்திகரிச்ச தண்ணியில அதுக்குன்னு விக்கிற உப்பைக் கலந்தா கடல் தண்ணி ஆயிரும். பாய் சொல்லித் தாரேன்னு சொல்லிட்டாவ."

அப்படி வந்ததுதான். கூடத்தில் டிவி இருந்த இடத்தில் தொட்டி உட்கார்ந்தது. டிவி சமையலறைக்குப் போனது. அதில் என் வீட்டுக்காரிக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் ஒரு ஜோடி. பிறகு ஒரு பவளம். பவளம் என்றதும் எங்கள் தெருவில் மோதிரத்தில் வைக்கிற சிவப்புக் கல்லைத் தேடி வந்தார்கள். இது அது இல்லை. காளான் மாதிரி ஒரு தண்டு, மேலே ஒரு குடை, குடை முழுக்கச் சின்னச் சின்ன விரல்கள். பச்சை கலந்த பழுப்பு நிறம். விளக்குப் போட்டால் விரல்கள் எல்லாம் வெளியே நீண்டு தண்ணீரோடு ஆடும். பார்க்கச் செடி மாதிரி இருந்தாலும் அது ஒரு பிராணி. கடலிலிருந்து பிடுங்கியது இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தொட்டியிலேயே வளர்ந்த ஒரு தாயிலிருந்து நறுக்கிய துண்டு. நம்முடைய கடலில் இருக்கிற பவளத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. அதற்குச் சட்டம் இருக்கிறது, நல்ல சட்டம்.

அந்தத் துண்டு வரும்போது சட்டைப் பொத்தான் அளவுதான் இருந்தது. அவள் கையில் அது வடைச் சட்டியில் போடுகிற வடை அளவுக்கு வளர்ந்தது. அப்புறம் அவளுக்குத் தூத்துக்குடியில் மீன்வளப் படிப்புக்கு இடம் கிடைத்தது. தொட்டியை ஹாஸ்டலுக்குத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? பெட்டி கட்டி வைத்துவிட்டு என்னைத் தொட்டிக்கு முன்னால் உட்காரவைத்தாள்.

"அப்பா, இது ஊறுகாய் ஜாடி இல்ல, உப்பைப் போட்டு மூடி வச்சா கெடக்கும்னு நெனைக்கதுக்கு. உசுரு."

"தெரியும் தாயி. சொல்லு."

"மீன் தின்னுது. கழிவு போடுது. மிச்சம் விழுந்த தீனியும் அழுகுது. அதெல்லாம் தண்ணியில நைட்ரேட்டு, பாஸ்பேட்டுன்னு ரெண்டு சத்தா மாறும். ரொம்பக் கூடிச்சுன்னா பாசி புடிச்சுப் பவளத்தை மூடிரும். வாராவாரம் கொஞ்சம் தண்ணியை எடுத்துட்டுப் புதுசு ஊத்துங்க. இந்த மருந்தைச் சொட்டு விட்டுக் கலரைப் பாருங்க. நைட்ரேட்டுக்கு ரோஸ் வரும், பாஸ்பேட்டுக்கு நீலம் வரும்."

கலர் அட்டையை எடுத்துக் காட்டினாள். வரிசையாகக் கட்டங்கள். முதல் கட்டத்தில் நிறமே இல்லை. இரண்டாவதில் வெறும் சாயல். அதற்கப்புறம் ஏறிக்கொண்டே போய்க் கடைசியில் அடர் நிறம். அவள் விரல் இரண்டாவது கட்டத்தில் நின்றது.

"இதுல நிக்கணும்ப்பா."

நான் தலையை ஆட்டினேன். மனதுக்குள் என்ன நினைத்தேன் தெரியுமா? எங்கள் வெளுப்புப் பட்டறையில் முதல் கட்டம்தான் பாஸ். இரண்டாவது கட்டம் என்றால் கழித்துப் போடுகிற துணி. அப்பாவுக்கு முதல் கட்டமெல்லாம் வராது, பாவம் இரண்டாவதாவது வரட்டும் என்று பிள்ளை இரக்கப்பட்டுச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அவள் திரும்பி வரும்போது முதல் கட்டத்தைக் காட்டிவிடுவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

எத்தனையோ இயந்திரங்களை என் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். ஒரு உயிரை என் பொறுப்பில் விட்டுவிட்டுப் போனவள் அவள்தான். அதை அவள் வருகிற வரைக்கும் உயிரோடு வைத்திருக்க வேண்டும். எனக்கு அந்த வருஷம் அதைவிடப் பெரிய காரியம் இருக்கவில்லை.

முதலில் வந்த தொந்தரவு விருந்தாளிகளால். எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் வாயில் எதையாவது போடாமல் அனுப்ப மாட்டோம். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். காபி குடித்தவர்கள் தொட்டிப் பக்கம் போவார்கள். கோமாளி மீன் இருக்கிறதே, மனுஷ முகத்தைக் கண்டால் கண்ணாடிக்கு ஓடிவந்து வாயைத் திறந்து திறந்து மூடும். இப்போதுதான் தின்றிருக்கும், ஆனாலும் வரும்.

பக்கத்து வீட்டு அக்கா தெலுங்கு பேசுகிற குடும்பம். "பாவம், ஆகலி" என்பார்கள். அவர்கள் வீட்டில் பசிக்கு அந்தச் சொல். சொல்லிக்கொண்டே தீனி டப்பாவைத் திறந்து ஒரு கிள்ளுப் போடுவார்கள். என் மதினி வந்தால் ஒரு கிள்ளு. கேபிள் டிவிக்கு வசூலுக்கு வந்தவர்கூட ஒரு கிள்ளுப் போட்டுவிட்டுப் போனார்.

"நம்மளுக்குக் காபி குடுத்துட்டு அதுகளைப் பார்க்க வச்சா எப்படிம்மா?" என்று மதினி கேட்டார். 

கண்ணாடியில் பச்சை படர்ந்தது. கல்லில் முடி மாதிரிப் பாசி முளைத்தது. சொட்டு மருந்து விட்டுப் பார்த்தால் ரோஸ் கட்டங்களைத் தாண்டிச் சிவப்புக்குப் போனது. பவளம் விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டு மொட்டைத் தலையாக உட்கார்ந்துவிட்டது.

அன்றைக்கு எனக்குள் பட்டறைக்காரன் எழுந்துகொண்டான். அழுக்கை எடுப்பதுதானே நம் தொழில்? தீனி டப்பாவைச் சாமி படத்துக்குப் பின்னால் ஒளித்தேன். மீனுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் என் கையால் மட்டும் தீனி. வடிகட்டியில் பெரியவள் போட்டிருந்த பஞ்சை எடுத்துவிட்டு, பட்டறையில் துணியோடு நாங்கள் தயாரிக்கிற ஆஸ்பத்திரிப் பஞ்சையே தடிமனாக அடுக்கினேன். அந்தப் பஞ்சு தண்ணீரில் போட்ட உடனே குடித்து முங்கிவிடும். அதில் சிக்காத தூசி கிடையாது. அதையும் தினம் காலையில் மாற்றினேன். பாஸ்பேட்டை உறிஞ்சுகிற துரு நிறக் குருணை ஒன்று இருக்கிறது. பாய் கடைக்குப் போகிறவரிடம் சொல்லி வாங்கி, பை நிறையக் கட்டித் தொங்கவிட்டேன். பழைய பிரஷ்ஷை வைத்துக் கல்லைக் கல்லாகத் தேய்த்தேன். தண்ணீரையும் அவள் சொன்னதைவிட அதிகமாக மாற்றினேன்.

பாசி போனது. தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குத் தெளிந்தது. மருந்து விட்டுப் பார்த்தால் ரோஸும் இல்லை, நீலமும் இல்லை. முதல் கட்டம். அட்டையைப் பக்கத்தில் வைத்து போட்டோ எடுத்துப் பட்டறையில் எல்லாரிடமும் காட்டினேன்.

"அண்ணே, கடலுக்கே பிளீச்சிங் போட்டுட்டீங்களே" என்றான் கூட வேலை பார்க்கிற தம்பி.

"மெரினாவுக்குக் கூப்பிடப் போறாங்க பாருங்க, அண்ணனை" என்றான் இன்னொருவன்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பவளமும் மறுபடி விரல் நீட்டியது. அது மட்டுமில்லை, அதன் பழுப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. பச்சை போய் இளமஞ்சள் ஆனது. இளமஞ்சள் போய்ப் பாலாடை நிறம் வந்தது. காடாத் துணி வெளுப்பு வாங்குவதை நான் எத்தனை ஆயிரம் தடவை பார்த்திருப்பேன்? அதே வரிசை. உள்ளே இருக்கிற அழுக்குக்கூடக் கழன்று வருகிறது என்று சந்தோஷப்பட்டேன். வேறு எந்த ஊர்க்காரனும், வேறு எந்தத் தொழில்காரனும் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்க மாட்டான்.

பெரியவள் போனில் கேட்கும்போதெல்லாம், "நல்லா இருக்கு தாயி, பளிச்சுன்னு இருக்கு" என்றேன். நான் நம்பியதைத்தான் சொன்னேன். வீடியோவில் காட்டினாலும் தொட்டியின் நீல விளக்கில் எல்லாமே நீலமாகத்தான் தெரிந்தது. அவளுக்கும் பரீட்சை நேரம்.

வீட்டில் இரண்டு பேருக்கு மட்டும் என்னோடு ஒப்பவில்லை. ஒன்று, என் சின்ன மகள். நாலாம் வகுப்பு. தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து படம் வரைவது அவளுக்குப் பழக்கம். ஒருநாள் கலர் பென்சில் டப்பாவை மூடிவைத்துவிட்டாள்.

"ஏன் பாப்பா, கலர் குடுக்கலையா?"

"எதுக்கு? அது பேப்பர் கலர்லயே இருக்கு."

இன்னொன்று, என் வீட்டுக்காரி. அவள் சோற்றுக் கரண்டியோடு வந்து நின்று பார்த்தாள்.

"ஏங்க, இது சோறு திங்காத மொகம் மாதிரி இருக்கு."

"அதுக்கு மொகம் எங்க இருக்கு?"

"இல்லாட்டி என்ன? வீட்டுல ஒருத்தர் வாடியிருந்தா எனக்குத் தெரியாதாக்கும்."

"சுத்தமாயிருக்குட்டி. உனக்கு வெள்ளையப் பார்த்தா வாட்டமாத் தெரியுது."

அவள் சாமி படத்துப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். டப்பா எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் எடுக்கவில்லை, மகள் என்னிடம் ஒப்படைத்ததில் தான் கை வைக்கக் கூடாது என்று இருந்துவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தொட்டித் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன். சந்தேகம் கேட்கப் போகவில்லை. பாயிடம் காட்டி ஒரு சபாஷ் வாங்கலாம் என்று போனேன்.

பாய் தண்ணீரை வாங்கித் தன் மருந்தைச் சொட்டுவிட்டார். குலுக்கினார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மறுபடி ஒரு குப்பியில் ஊற்றிப் பார்த்தார்.

"ஒண்ணுமே இல்லையே அண்ணாச்சி."

"ஆமா பாய்" என்றேன், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"பவளத்தைப் போட்டோ வச்சிருக்கியளா?"

சாதாரண வெளிச்சத்தில் எடுத்த போட்டோவைக் காட்டினேன். பாய் போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். பின்னால் இருந்த தன் தொட்டியைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் ஸ்டூலை இழுத்து என் பக்கம் போட்டார்.

"செத்த உக்காருங்க அண்ணாச்சி. நாங்க வருசத்துல ஒரு மாசம் நோன்பு வைக்கோம். அதுகூட சாயங்காலம் ஆனா தொறந்துருவோம். நீங்க இதைத் தொறக்கவே விடலையே."

எனக்குப் புரியவில்லை. பாய் தன் தொட்டியில் இருந்த பவளத்தைக் காட்டிப் பொறுமையாகச் சொன்னார். பவளத்தின் தோலுக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத பாசி கோடிக்கணக்கில் குடியிருக்கிறதாம். வெளிச்சத்தை வாங்கிச் சமைத்து அது தானும் தின்று, வீடு கொடுத்த பவளத்துக்கும் போடுகிறதாம். நாம் பார்க்கிற பழுப்பு நிறம் பெரும்பாலும் அந்தக் குடித்தனக்காரர்களுடைய நிறம்தான். அவர்களுக்கு நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் வேண்டும். வயலுக்கு உரம் மாதிரி. அளவுக்கு மேல் போனால் வெளியே இருக்கிற பாசி காடாக முளைக்கும். ஒன்றுமே இல்லாவிட்டால் உள்ளே இருக்கிற பாசி சாகும்.

"அப்ப இந்த வெள்ளை?"

"அடுப்பு அணைஞ்ச வீடு அண்ணாச்சி. ஒண்ணு ரெண்டு அடுப்பு எரியுதான்னு தெரியல."

"பொழைக்குமா பாய்?"

பாய் போனை என் கையில் திருப்பிக் கொடுத்தார். "சொல்ல முடியாது. நானும் கடை வச்ச புதுசுல இப்படி வெளுக்க விட்டு ஒண்ணைப் போக்கிருக்கேன். மொதல்ல மகளுக்குப் போன் போடுங்க. அது பாடமே படிக்கிது, எனக்கு மேல வெவரமாச் சொல்லும்."

அந்த மனிதர் கடையில் அப்போது கூட்டம். ஞாயிற்றுக்கிழமை வியாபாரம். எல்லாரையும் நிற்கவைத்துவிட்டு என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். அதை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தேன். மடவார் வளாகம் கோயில் போனது தெரியவில்லை, எங்கள் ஊர் மில் வாசல்கள் வந்ததும் தெரியவில்லை. மகளிடம் எப்படிச் சொல்வது என்பது மட்டும்தான் மனதில் ஓடியது. மொட்டை மாடிக்குப் போய் நின்று போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். குருணை, பஞ்சு, பிரஷ், முதல் கட்டம், பாய் சொன்னது. 

"தாயி, இருக்கியா?"

"இருக்கேன்ப்பா. தொட்டுப் பார்த்தீங்களா? உறுதியா இருக்கா, கொழகொழன்னு இருக்கா?"

"இரு, பார்த்துச் சொல்லுதேன்." கீழே ஓடினேன். கையைக் கழுவிவிட்டு மெதுவாகத் தொட்டேன். "நடுவுல ரப்பர் மாதிரி உறுதியா இருக்கு. சன்னல் பக்கத்து ஓரம் கொழகொழன்னு இருக்கு."

"நாத்தம் அடிக்குதா?"

"இல்ல."

"அப்ப உசுரு இருக்குப்பா."

நான் தொட்டிப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"கோவமா தாயி?"

"எதுக்குக் கோவம்? அழுக்காக் கெடந்து செத்திருந்தா கோவப்படலாம். நீங்க ரொம்பப் பாத்துப் பாத்துல்ல கொல்லப் பார்த்திருக்கீங்க." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவன். வேறு பிள்ளையாக இருந்தால் போனை வைத்திருக்கும்.

"இப்பவே ஒரு டப்பா தீனியையும் கொட்டிரவா?"

"ஐயோ, வேண்டாம்ப்பா. பட்டினி கெடந்தவனுக்கு எடுத்த எடுப்புல பிரியாணியா போடுவாங்க? கஞ்சிதான் ஊத்தணும். நான் சொல்லச் சொல்லச் செய்ங்க."

குருணைப் பையை அன்றைக்கே எடுத்தேன். பஞ்சை மெல்லிசாக வைத்து, அதையும் தினம் மாற்றுவதை நிறுத்தினேன். தண்ணீர் மாற்றுவதைக் கொஞ்ச நாளுக்குத் தள்ளிப்போட்டேன். வெளிச்சத்தைக் குறைத்தேன், சமைக்க ஆள் இல்லாத வீட்டுக்கு அவ்வளவு விறகு எதற்கு என்று அவள் சொன்னாள். மீனுக்குத் தினமும் இரண்டு வேளை தீனி. மீன் தின்று போடுகிற கழிவுதான் மெதுவாகச் சத்தாக மாறும், அவசரப்படாதீங்க என்றாள்.

தீனி டப்பாவைச் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்து என் வீட்டுக்காரி கையில் கொடுத்தேன்.

"என் கைக்கா வருது? பொறவு கூடிப்போச்சுன்னு என்னைச் சொல்லக் கூடாது."

"உன் கைக்குத்தான் அளவு தெரியும். நீதான மொதல்ல சொன்ன."

"என்ன சொன்னேன்?"

"சோறு திங்காத மொகம்னு."

அவள் ரசத்துக்குப் பெருங்காயம் எடுக்கிற மாதிரி விரல் நுனியில் ஒரு துளி எடுத்துப் போட்டாள். மீன் மொத்தத்தையும் தின்ற பிறகு இன்னொரு துளி. அந்தக் கை அளவை எந்தக் கரண்டியாலும் அளக்க முடியாது.

பக்கத்து வீட்டு அக்காவையும் கூப்பிட்டோம். இத்தனை நாள் தீனி போட விடாததில் அவர்களுக்கு மனத்தாங்கல். "என்னமோ நான் விஷம் வைக்கிற மாதிரி டப்பாவ ஒளிச்சு வச்சியளே" என்றார்கள். சாயங்கால வேளைத் தீனியை அவர்களுக்கே விட்டோம். ஒரே ஒரு கிள்ளு, என் வீட்டுக்காரி கண் முன்னால். அக்கா அதற்காகவே முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு வருவார்கள்.

சொட்டு மருந்து விட்டுப் பார்க்கிற வேலையைச் சின்னவள் எடுத்துக்கொண்டாள். முதல் தடவை ஒன்றுமில்லை. அடுத்த தடவையும் ஒன்றுமில்லை. இதற்கிடையில் கொழகொழவென்று இருந்த ஓரம் கரைந்து பிய்ந்து போனது. அதை மெதுவாக உறிஞ்சி எடுத்துவிட்டோம். குடையில் மூன்றில் ஒரு பங்கு அப்படிப் போனது. மிச்சமும் விரல் நீட்டாமல், காய்ந்த எலுமிச்சங்காய்த் தோல் மாதிரி சுருங்கிக் கிடந்தது. வேலைக்குப் போகும்போது பார்ப்பேன், வந்ததும் பார்ப்பேன். பட்டறையில் யாரும் அதைப் பற்றிக் கேலி பேசவில்லை. "பொழைச்சிரும்ணே" என்றுதான் சொன்னார்கள். மெரினாவுக்குக் கூப்பிடுவார்கள் என்று சொன்னவன் தன் குலசாமிக்கு வேண்டிக்கொண்டதாகப் பின்னால் தெரிந்தது.

ஒருநாள் வேலை முடிந்து செருப்பைக் கழற்றுவதற்குள் சின்னவள் குப்பியோடு வாசலுக்கு வந்துவிட்டாள்.

"அப்பா, ரோஸ் வந்துருச்சு."

வாங்கி வெயிலில் தூக்கிப் பார்த்தேன். வந்திருக்கிறது என்று சொன்னால் வந்திருக்கிறது. இல்லை என்றால் இல்லை. அவ்வளவு லேசு. ஒரு சாயல் தெரிந்தால் துணியைத் திருப்பி அனுப்புகிறவன் நான். அன்றைக்கு அந்தச் சாயலைப் பார்த்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று மனசு கேட்டது. நிறத்தைப் பார்த்து நான் நன்றி சொன்னது அதுதான் முதல் தடவை.

அதற்கப்புறம் நாங்கள் இரண்டாவது கட்டத்தில் நிற்கப் பழகினோம். ரோஸ் ஏறினால் அக்காவின் கிள்ளு கொஞ்சம் சின்னதாகும், தண்ணீர் கொஞ்சம் கூட மாறும். இறங்கினால் கிள்ளு பெரிதாகும். நீலமும் இருக்கிறதா என்று சின்னவள் பார்ப்பாள். ஒன்று மட்டும் இருந்து இன்னொன்று இல்லாமல் போனாலும் ஆகாது என்று பெரியவள் சொல்லியிருந்தாள். வாரத்தில் ஒருநாள் பார்த்தால் போதும், தினம் தினம் மாற்றி மாற்றிச் செய்யாதீர்கள் என்றும் சொன்னாள். பவளத்துக்கு நல்ல தண்ணீரைவிட ஒரே மாதிரித் தண்ணீர் பிடிக்குமாம்.

தண்டுக்குப் பக்கத்தில் ஒரு பழுப்புக் கறை தெரிந்தது. என் பழைய கண் அதைப் பார்த்ததும் பதறியது. பிரஷ்ஷை எடுக்கவில்லை, ஆனால் கை அங்கே போனது உண்மை.

"அதைத் தொடாதீங்க" என்றாள் என் வீட்டுக்காரி. "அது அழுக்கில்ல. ரத்தம் ஊறுது."

ரத்தம் இல்லைதான். ஆனாலும் அவள் சொன்னதைவிடச் சரியாக என்னால் சொல்ல முடியாது. அந்தப் பழுப்பு குடை மேலே ஏறியது. ஒரு காலையில், நான் டிபன் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கிளம்புகிற நேரம், ஓரத்தில் நாலைந்து விரல்கள் மட்டும் வெளியே வந்து ஆடிக்கொண்டிருந்தன. ஷிப்டுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் போனேன். காரணத்தைச் சொன்னேன். சூப்பர்வைசர் உள்ளே விட்டார்.

பொங்கல் லீவுக்குப் பெரியவள் வந்தாள். பையைத் தோளிலிருந்து இறக்காமல் நேரே தொட்டிக்குப் போனாள். நான் பின்னால் நின்றேன். பவளத்தில் ஒரு பக்கம் கடித்த தோசை மாதிரிக் காணாமல் போயிருந்தது. மிச்சம் பழுப்பும் பச்சையுமாக, விரல்களை நீட்டிக்கொண்டு நின்றது. அவள் குனிந்து மேலேயிருந்து பார்த்தாள், பக்கத்திலிருந்து பார்த்தாள். 

"காப்பாத்திட்டீங்களேப்பா" என்றாள்.

"ஓரம் போயிருச்சு தாயி."

"ஓரம் வளரும்."

"பார்த்தாச்சுல்ல, திரும்பு" என்றாள் அவள் அம்மா. "நீயும் இது மாதிரித்தான் வெளுத்து வந்திருக்க. ஹாஸ்டல்ல என்னத்தப் போடுதாங்க? மொதல்ல சோத்தைத் தின்னு."

சாப்பிட்டு முடித்துவிட்டு அவள் புது பிளேடு ஒன்று கேட்டாள். பிய்ந்துபோன ஓரம் தாறுமாறாக இருக்கிறது, அதை நேராக நறுக்கிவிட்டால் சீக்கிரம் ஆறும் என்றாள். இவ்வளவு பாடுபட்டுப் பிழைக்கவைத்ததை வெட்டுவதா என்று தயங்கித் தயங்கித்தான் பிளேடை எடுத்துக் கொடுத்தேன். அவள் ஓரத்தை நேராக நறுக்கிவிட்டாள். உயிருள்ள இடத்திலிருந்து ஒரு சின்னத் துண்டை எடுத்து, ஒரு கல்லின் மேல் வைத்து, மெல்லிய வலைத்துணியால் கட்டினாள். அந்தத் துணி என் பட்டறைத் துணி, கேட்காமலே எடுத்திருக்கிறாள்.

"இந்தாங்க. இது ஒட்டிக்கிறதுக்கு ரெண்டு வாரம் ஆகும். எங்க வைக்கணும்னு நீங்க சொல்லுங்க."

"நானா? நீ படிச்சவ."

"நான் நாலு நாள்ல போயிருவேன். இங்க நிக்கிறது நீங்கதான. சொல்லுங்க."

தொட்டியைப் பார்த்தேன். நடுவில் வெளிச்சம் நேராக விழுகிற, தண்ணீர் வேகமாக ஓடுகிற, தூசி தங்காத ஒரு இடம் இருந்தது. முன்பென்றால் அங்கேதான் வைத்திருப்பேன். இடது பக்கம், மீன் இரண்டும் ஒதுங்கித் தூங்குகிற மூலையில், கல்லுக்குப் பக்கத்தில் தண்ணீர் சுற்றி மெதுவாகப் போகும். மீன் சிந்துகிற தீனித் துணுக்கும் கழிவும் அந்த வழியாகத்தான் மிதந்து கடக்கும். தங்காது, ஆனால் தொட்டுவிட்டுப் போகும்.

கையைத் தண்ணீருக்குள் விட்டு, அந்த மூலையில் கல்லை வைத்தேன். அது ஆடாமல் உட்கார்ந்ததா என்று பார்த்துவிட்டுத் திரும்பினேன். பெரியவள் கொடியில் கிடந்த துவாலையை எடுத்து என் கையைத் துடைத்துவிட்டாள்.